நீண்ட குழாய், குட்டைக் கை

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில், டிரம்போன்காரர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர் பெரிய பித்தளைக் கருவியை மடியில் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதி நேரம் அவருக்கு வேலையே இருக்காது. துவோர்ஷாக் 1893இல் எழுதிய 'புதிய உலகம்' சிம்பொனியில் அவர் ஊத வேண்டிய சுரங்கள் இருபதுகூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர் கையில் இருப்பது டியூபா. இன்று அந்த நாற்காலி டியூபாவுக்கே உரியது என்று தோன்றும். ஆனால் அது அங்கே வந்து இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன்பும், அதன் அருகிலும், பாம்பு வடிவில் ஒன்று, சாவிகள் பொருத்திய ஒன்று, இரட்டை இழுகுழலோடு ஒன்று என்று விநோதமான கருவிகள் பல வந்து போயிருக்கின்றன. சில இன்னும் போகவில்லை.

இவற்றைப் படத்தில் பார்த்தால் யாரோ வேடிக்கைக்குச் செய்தது போலிருக்கும். அப்படி இல்லை. எல்லாமே ஒரே சிக்கலுக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகள். கீழ்ச் சுரம் வேண்டுமானால் குழாய் நீளமாக இருக்க வேண்டும்; மனிதனுடைய கையோ நீளாது. சிக்கல் இவ்வளவுதான்.

முதலில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். சங்கு ஊதத் தெரிந்தவருக்கு இது புதிதில்லை. சங்கின் வாயில் வெறும் காற்றை ஊதினால் புஸ்ஸென்று போய்விடும். உதடுகளைச் சேர்த்து இறுக்கி, அவை படபடவென்று அதிரும்படி ஊதினால்தான் முழக்கம் வரும். கொம்பு, எக்காளம் இரண்டும் இதே முறைதான். டிரம்பெட், டிரம்போன், டியூபா எல்லாம் இந்தக் குடும்பமே. நாகஸ்வரத்தில் சீவாளி செய்கிற வேலையை இங்கே ஊதுபவரின் உதடே செய்கிறது. எனவே இந்தக் குடும்பத்தில் சேர்வதற்குப் பித்தளையால் ஆன கருவியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கீழே வரப்போகும் பாம்புக் கருவி மரத்தால் ஆனது; ஆனாலும் இந்தக் குடும்பத்து உறுப்பினர்தான்.

உதடு அதிர்ந்தாலும் அது விரும்பிய சுரத்தையெல்லாம் குழாய் ஏற்றுக்கொள்ளாது. குழாய்க்குள் இருக்கும் காற்றுக்குத் தனக்கென்று சில அதிர்வுகள் உண்டு. அவற்றோடு உதடு ஒத்துப்போனால்தான் ஒலி நிற்கும். பெரிய பி ஃபிளாட் டியூபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழாயைச் சுருள் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் வரும். எந்த வால்வையும் அமுக்காமல் ஊதினால் அதில் கிடைப்பவை வினாடிக்குச் சுமார் 29, 58, 87, 116 அதிர்வுகள் என்று போகும் வரிசை. 58ஐ ஆதார சட்ஜம் என்று வைத்துக்கொண்டால் 87 பஞ்சமம், 116 மேல் சட்ஜம். அதற்கு மேலே போகப் போகச் சுரங்கள் நெருங்கி வரும். கீழே வர வர இடைவெளி அகலும். சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் சுத்த ரிஷபம் தொடங்கிப் பிரதி மத்தியமம் வரை ஆறு சுரத்தானங்கள் வெறும் பள்ளமாகக் கிடக்கும்.

எக்காளமும் கொம்பும் இந்தப் பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கிடைத்த இரண்டு மூன்று சுரங்களை வைத்து முழங்கினால் போதும். ஆனால் மெட்டு வாசிக்க வேண்டும் என்றால் அந்த ஆறு சுரங்களையும் எப்படியாவது வரவழைத்தாக வேண்டும். அதற்கு வழி இரண்டே: குழாயின் நீளத்தைக் குறைப்பது அல்லது கூட்டுவது. துளை போட்டால் நீளம் குறைகிறது. இழுகுழலோ வால்வோ வைத்தால் கூடுகிறது. சிறிய கருவியில் இது எளிது. ஐந்தரை மீட்டர் குழாயில் எங்கே துளை போடுவது, போட்டால் அதை எந்த விரல் எட்டும்?

இந்தக் கேள்விக்கு முதலில் துணிந்து விடை சொன்னது செர்பன்ட். பிரான்சில் ஓசேர் நகரத்தில் எட்மே கியோம் என்ற தேவாலயக் குரு 1590 வாக்கில் இதை உருவாக்கினார் என்பது மரபுச் செய்தி. அதை எழுதிவைத்தவர் லெபேஃப் என்ற பாதிரியார். எழுதியது 1743இல், அதாவது ஒன்றரை நூற்றாண்டு கழித்து. ஆகவே கொஞ்சம் தள்ளி நின்றே இந்தச் செய்தியை ஏற்க வேண்டும். எப்படியானாலும் தேவாலயத்தில் பாதிரியார்கள் பாடும்போது ஆண்குரலின் அடியில் துணையாக ஊதுவதுதான் இதன் முதல் வேலை. பிரான்சில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அந்த வேலையைச் செய்தது.

செர்பன்ட்டின் குழாய் ஏறத்தாழ 2.4 மீட்டர். ஊதும் முனையில் ஒடுங்கித் தொடங்கி, மறுமுனையில் கையகலத்துக்கு விரிகிற நீண்ட கூம்பு. மரத்தை, பெரும்பாலும் வால்நட் மரத்தை, இரண்டு பாதிகளாகக் குடைந்து, ஒட்டி, மேலே தோல் போர்த்துவார்கள். கூம்பை நேராக விட்டால் விரல் எட்டாது என்பதால்தான் பாம்புபோல மூன்று நான்கு வளைவு. இடதுகைக்கு மூன்று துளை, வலதுகைக்கு மூன்று துளை. ஊதுவாய் தந்தத்தாலோ கொம்பாலோ ஆன கிண்ணம்.

கோளாறே இந்த ஆறு துளைகளில்தான். ஒலியியல் கணக்குப்படி துளைகள் குழாய் நெடுக வெகுதூரம் பரவியிருக்க வேண்டும், குழாயின் அகலத்துக்குத் தகுந்தபடி பெரிதாகவும் இருக்க வேண்டும். செர்பன்ட்டிலோ விரல் எட்டுகிற இடத்தில், விரல் நுனி மூடுகிற அளவில் அவை இருக்கின்றன. விளைவு என்ன? துளையைத் திறந்தாலும் குழாய் முழுமையாகக் குட்டையாவதில்லை. காற்று பாதி துளை வழியாகவும் பாதி மறுமுனை வழியாகவும் ஒலிக்கிறது. சுரம் ஓர் இடத்தில் உறுதியாக நிற்காது. ஒரே விரல்வைப்பில் உதட்டை இறுக்கினால் மேலே ஏறும், தளர்த்தினால் கீழே வழுக்கும். எனவே செர்பன்ட் ஊதுபவர் அடுத்து வரப்போகும் சுரத்தை முதலில் காதுக்குள் பாடிக்கொண்டு, பிறகு உதட்டால் அதைப் பிடிக்க வேண்டும். விரல் ஓரளவு உதவும், அவ்வளவே. சுருதி ஞானம் இல்லாதவர் இதைக் கையில் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போக வேண்டியதுதான்.

நல்ல கையில் இருக்கும்போது இதன் ஒலி மனிதக் குரலுக்கு அருகில் நிற்கும். ஆண்குரல்களோடு சேர்ந்தால் எது குரல், எது கருவி என்று பிரித்தறிவது கடினம். தேவாலயத்தில் அது நிலைத்ததற்குக் காரணம் இதுவே. ஆர்க்கெஸ்ட்ராவில் கதை வேறு. ஹேண்டல் 1749இல் லண்டன் வாணவேடிக்கைக்காக எழுதிய இசையில் செர்பன்ட்டுக்கும் இடம் கொடுத்துவிட்டு, பிறகு தன் கையெழுத்துப் பிரதியிலேயே அதை அடித்துவிட்டார். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸுக்கு இந்தக் கருவியே பிடிக்காது. ஆனாலும் 1830இல் அவர் எழுதிய 'ஃபான்டாஸ்டிக் சிம்பொனி'யின் கடைசிப் பகுதியில், சூனியக்காரிகளின் கூத்துக்கு நடுவே மரணச் சடங்குப் பாட்டான 'தீஸ் ஈரே' முழங்கும்போது, அதை ஊத செர்பன்ட்டையும் சேர்த்தார். தேவாலயத்தில் கேட்டுப் பழகிய ஒலியைத் தேவாலயத்தைப் பழிப்பதற்கே பயன்படுத்தினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பிடிக்காத கருவியை இவ்வளவு பொருத்தமாக வேறு யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

அந்த இடத்தில் செர்பன்ட்டோடு சேர்ந்து ஊதியது அடுத்த விடை: ஓஃபிக்ளைடு. பாரிஸில் கருவி செய்து விற்ற அலாரி 1817இல் இதை உருவாக்கி 1821இல் காப்புரிமை பெற்றார். துளையை விரல் நேரடியாக மூட வேண்டும் என்று ஏன் இருக்க வேண்டும் என்பதே இதன் யோசனை. துளை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமோ அவ்வளவு பெரிதாகப் போட்டுவிட்டு, அதை மூடித் திறக்க நீண்ட தண்டோடு ஒரு சாவி வைத்தால் போதும். குழாய் பித்தளைக்கு மாறியது. பாம்பு வளைவு போய், நடுவில் ஒரே மடிப்போடு நிமிர்ந்து நின்றது. பெரும்பாலானவற்றில் ஒன்பது முதல் பன்னிரண்டு சாவிகள். ஒன்றைத் தவிர மற்ற எல்லாச் சாவிகளும் இயல்பில் மூடியே இருக்கும். குழாயின் அகன்ற முனைக்கு மிக அருகில் உள்ள ஒன்று மட்டும் திறந்திருக்கும், அமுக்கினால் மூடும்.

மெண்டல்சோன் 1846இல் பர்மிங்ஹாமில் அரங்கேற்றிய 'எலைஜா'வில் ஓஃபிக்ளைடு உண்டு. வாக்னர் இளமையில் எழுதி 1842இல் டிரெஸ்டனில் மேடையேறிய 'ரியென்ஸி'யில் செர்பன்ட், ஓஃபிக்ளைடு இரண்டுமே உண்டு. அரை நூற்றாண்டு இது ஐரோப்பாவின் கீழ்ச் சுரத்துக்குப் பொறுப்பாக இருந்தது. செர்பன்ட்டைவிடச் சுருதி நிற்கும், வேகமாகவும் ஓடும். குறை என்னவென்றால் ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு துளையிலிருந்து வெளிவருவதால் ஒவ்வொன்றின் நிறமும் சற்றே மாறும். சில சுரங்கள் திறந்து பேசும், சில மூக்கால் பேசும். ஒரே நிறத்தில் ஒலிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் காது இதைக் குறை என்று சொல்லும். எனக்கு அது ஒரு முகபாவம் போலவே கேட்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸில் கடை போட்ட அடால்ஃப் சாக்ஸ் 1842இல் ஒரு புதிய கருவியைக் காட்டினார். கூம்பு வடிவப் பித்தளைக் குழாய், பெரிய துளைகள், சாவிகள் என்று உடம்பு ஓஃபிக்ளைடை ஒத்திருந்தது. வாயில் மட்டும் கிளாரினெட்டின் பாணியில் ஒற்றை நாணல். அதுவே சாக்ஸபோனின் தொடக்கம். ஓஃபிக்ளைடு ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து மறைந்துபோனாலும் அதன் உடலமைப்பு இன்றைக்கும் நம் கச்சேரி மேடைவரை வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு கிளை பிரேசிலில். ரியோ டி ஜெனீரோவின் ஷோரோ இசையில் ஓஃபிக்ளைடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை உயிரோடிருந்தது. அதை வாசித்த இரினேயு தி அல்மெய்தா, பின்னாளில் பிரேசிலின் பெரும் இசைக்கலைஞராக விளங்கிய பிஷிங்கின்யாவின் ஆசிரியர். அவர் வாசிப்பு பழைய இசைத்தட்டுகளில் பதிவாகியிருக்கிறது.

ஓஃபிக்ளைடை வீழ்த்தியது வால்வு. பிரஷியாவில் ஷ்டால்ட்ஸல், ப்ளூமெல் என்ற இருவர் 1818இல் இதற்குக் கூட்டாகக் காப்புரிமை வாங்கினார்கள். துளை போட்டுக் குழாயைக் குறைப்பதற்குப் பதிலாக, கூடுதல் குழாய்த்துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒரு பித்தானை அமுக்கினால் காற்று அதன் வழியே சுற்றிப் போகும்படி செய்வது இதன் வேலை. எந்தச் சுரமானாலும் காற்று கடைசியில் முன்முனையின் அகன்ற வாய் வழியாகத்தான் வெளியேறும். எனவே நிறம் மாறாது. அந்த அகன்ற வாயை நாகஸ்வரக்காரர்கள் தங்கள் கருவியில் அணசு என்பார்கள், பேண்டுக்காரர்கள் பெல் என்பார்கள். 1835 செப்டம்பரில் பெர்லினில் ராணுவ இசைக்குழுத் தலைவர் வீப்ரெக்டும் கருவி செய்பவரான மோரிட்ஸும் ஐந்து வால்வுகளோடு ஒரு பெருங்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். முதல் டியூபா அதுதான்.

மூன்று வால்வு இருந்தாலே பள்ளத்தை நிரப்பிவிடலாம். இரண்டாவது வால்வு அரைச்சுரம் இறக்கும், முதலாவது முழுச்சுரம், மூன்றாவது ஒன்றரைச்சுரம். இவற்றைத் தனித்தும் சேர்த்தும் அமுக்கினால் ஆறு படிகள் இறங்கலாம். பஞ்சமத்திலிருந்து சட்ஜம்வரை உள்ள ஆறு காலியிடங்களும் சரியாக நிரம்பும். பிறகு எதற்கு ஐந்து வால்வு?

இங்கேதான் கணக்கு காலை வாருகிறது. ஒரு சுரத்தை அரைச்சுரம் இறக்க, அப்போது இருக்கிற குழாய் நீளத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு கூட்ட வேண்டும். ஐந்தரை மீட்டர் டியூபாவில் அது 33 செ.மீ. முழுச்சுரத்துக்கு 67, ஒன்றரைச்சுரத்துக்கு 104. மூன்றையும் சேர்த்து அமுக்கினால் 204 செ.மீ. கூடும். ஆனால் ஆறு அரைச்சுரங்கள் இறங்க உண்மையில் தேவைப்படுவது 228 செ.மீ. 24 செ.மீ. குறைகிறது! ஏனென்றால் மூன்றாவது வால்வை அமுக்கியதுமே குழாய் நீண்டுவிட்டது. நீண்டுவிட்ட குழாய்க்கு அரைச்சுரம் இறங்க 33 போதாது, இன்னும் வேண்டும். வால்வுத் துண்டுகளோ வெறும் குழாயை அளந்து வெட்டப்பட்டவை. டிரம்பெட் போன்ற சிறு கருவியில் இந்தக் குறை சில சென்டிமீட்டர்தான், உதட்டால் சமாளிக்கலாம். டியூபாவில் அது ஒரு சாண்.

இதற்கும் பல விடைகள். நான்காவது, ஐந்தாவது வால்வுகளைக் கூட்டிச் சரியான நீளத்தைத் தனியாக வைத்துக்கொள்வது ஒன்று. இடதுகையால் ஒரு சிறு இழுகுழலை வாசித்தபடியே இழுத்து இழுத்துச் சரிசெய்வது இன்னொன்று. இன்றைய டியூபாக்காரர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள், மேடையில் கவனித்துப் பாருங்கள். மூன்றாவது வழி, 1874இல் இங்கிலாந்தில் டேவிட் பிளெய்க்லி கண்டது. சில வால்வுகளைச் சேர்த்து அமுக்கும்போது மட்டும் காற்று மறுபடி ஒருமுறை திரும்பிப்போய்ச் சிறு துண்டுகள் வழியாகச் சுற்றிவரும். குறைந்த நீளம் தானாகவே வந்து சேரும். நல்ல யூபோனியங்களில் இன்றும் இதுதான் அமைப்பு. நம்மூர்க் கல்யாண பேண்டுகளிலும் ஊதப்படும் யூபோனியம் டியூபா குடும்பத்தின் இளையது. குழாய் நீளம் பாதி, சுமார் 2.75 மீட்டர்.

சாக்ஸ் சொன்ன விடை இவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. துண்டுகளைக் கூட்டுவதால்தானே பிழை வருகிறது? கூட்டவே வேண்டாம், ஒவ்வொரு சுரநிலைக்கும் ஒரு முழுக் குழாயைத் தனியாகக் கொடுத்துவிடுவோம் என்றார். ஆறு வால்வு, எந்த நேரமும் ஒன்றை மட்டுமே அமுக்கலாம். இந்த யோசனையின் எல்லைக்கே போய், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பெல் என்று ஏழு பெல்களோடு டிரம்போன் ஒன்றும் செய்தார். கணக்கு பிழையில்லாதது. ஆனால் அந்த ஏழு வாய்களையும் தூக்கிக்கொண்டு ஊத ஆள் வேண்டுமே. அது அருங்காட்சியகத்துக்குப் போனதில் வியப்பில்லை.

டிரம்போனுக்கு வால்வே தேவையில்லை. இழுகுழலை நீட்டினால் எந்த நீளமும் கிடைக்கும், பிழையும் இராது. சாதாரண டிரம்போனின் குழாயும் 2.75 மீட்டர்தான். ஆறு அரைச்சுரங்கள் இறங்க அதற்கு 114 செ.மீ. கூட வேண்டும். இழுகுழல் இரட்டைக் கால் கொண்டது என்பதால் கையை 57 செ.மீ. நீட்டினால் போதும். மனிதக் கை எட்டுகிற தூரத்தின் ஓரம் அது. இதைவிடக் கீழே போக வேண்டும் என்றால் கை போதாது. இங்கிலாந்தில் நெடுங்காலம் புழங்கிய 'ஜி' பேஸ் டிரம்போனுக்கு 68 செ.மீ. நீட்ட வேண்டும்; அதனால் இழுகுழலில் ஒரு கைப்பிடித் தண்டு பொருத்தி, கடைசி நிலைகளுக்கு அதைப் பிடித்துத் தள்ளினார்கள். அணிவகுப்பில் முன்னால் நடப்பவர் பிடரி தப்பியது அவரவர் அதிர்ஷ்டம்.

வாக்னர் இன்னும் கீழே கேட்டார். 1876இல் பைராய்ட் நகரத்தில் நான்கு மாலைகளாக அரங்கேறிய 'நீபெலுங்கன் மோதிரம்' நாடகத் தொடருக்கு அவர் கேட்டது கான்ட்ராபேஸ் டிரம்போன். தெய்வங்களின் தலைவனான வோட்டான் ஈட்டியின் மேல் செதுக்கிய ஒப்பந்தங்கள் மேடையில் பேசப்படும்போதெல்லாம், படிப்படியாகக் கீழிறங்கும் ஒரு சுரவரிசை டிரம்போன்களில் முழங்கும். அது எங்கே போய் முடிய வேண்டும் என்று வாக்னர் நினைத்தாரோ அங்கே சாதாரண டிரம்போன் எட்டாது. குழாயை ஐந்தரை மீட்டராக்கினால் கையை 114 செ.மீ. நீட்ட வேண்டும், அப்படிப்பட்ட கை யாருக்கும் இல்லை. ஆகவே இழுகுழலை இரட்டித்தார்கள். இரண்டு கால்களுக்குப் பதில் நான்கு கால்கள்; ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் குழாய் நான்கு சென்டிமீட்டர் நீளும். மறுபடியும் அதே 57 செ.மீ. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. இன்று பெரும்பாலோர் 'எஃப்' அளவில் சற்றுச் சிறிய கருவியில் இரண்டு வால்வு வைத்து வாசிக்கிறார்கள். நான்கு கால் கருவி கனமும் உராய்வும் அதிகம்.

வாக்னர் டியூபா என்று ஒன்றும் உண்டு. பெயரில்தான் டியூபா. ஊதுவது ஹார்ன்காரர்கள், ஊதுவாய் ஹார்னுடையது, வால்வு இடதுகைக்கு. சுருதிக்குத் தொல்லை கொடுப்பதில் பேர்போனது. புரூக்னர் தன் ஏழாவது சிம்பொனியில், 1883இல் வாக்னர் இறந்தபோது எழுதிக்கொண்டிருந்த மந்த கதிப் பகுதியில், இவற்றைத்தான் அஞ்சலி செலுத்த விட்டார்.

இதுவரை நீளத்தைப் பற்றியே பேசினோம். ஒரே நீளமுள்ள இரண்டு குழாய்கள் ஏன் வேறுவேறாக ஒலிக்கின்றன? யூபோனியமும் டிரம்போனும் ஒரே நீளம், கிட்டத்தட்ட ஒரே அளவு ஊதுவாய். ஒன்று உருண்டு திரண்டு ஒலிக்கும், மற்றது பலமாக ஊதினால் தகரம் கிழிகிற மாதிரி அறுக்கும். காரணம் குழாயின் வடிவம். டிரம்போனின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலம். பலமாக ஊதும்போது அதற்குள் ஓடும் அழுத்த அலையின் முன்முகம் போகப் போகச் செங்குத்தாகி, கடைசியில் அதிர்ச்சி அலையாகவே மாறிவிடுகிறது. 1990களில் ஆய்வகத்தில் அளந்து காட்டப்பட்ட செய்தி இது. அந்தக் கூர்மைதான் நமக்கு வெண்கலப் பளபளப்பாகக் கேட்கிறது. யூபோனியம், டியூபா, செர்பன்ட், ஓஃபிக்ளைடு எல்லாம் தொடக்கத்திலிருந்தே விரிந்துகொண்டு போகும் கூம்புகள். அலை விரிய விரிய வலு குறைவதால் கூர்மை பிறப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இரட்டைப் பெல் யூபோனியம் விற்றார்கள். ஒரு வால்வை அமுக்கினால் ஒலி பெரிய பெல்லை விட்டுவிட்டு, ஒடுங்கிய குழாய் வழியாகச் சிறிய பெல்லுக்குப் போகும். அதே ஆள் டிரம்போன்போல ஒலிப்பார். வடிவம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இத்தாலியின் வெர்டி போராடியது இந்த வடிவத்துக்காகத்தான். 'ஐடா'வை மிலானில் மேடையேற்றும் காலத்தில், டிரம்போன்களின் அடியில் டியூபா இனத்துப் பம்பார்டோன் ஒலிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று டிரம்போன்கள் கூர்மையாகப் பேசும்போது நான்காவதாக அடியில் ஓர் உருண்டை ஒலி வந்தால் ஒட்டாது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். 1881இல் மிலானின் பெலிட்டி நிறுவனம் அவருக்காக வால்வு வைத்த தாழ்ந்த டிரம்போன் ஒன்றைச் செய்தது. இன்று சிம்பாஸ்ஸோ என்று வழங்கும் கருவி அதன் வழிவந்தது. வால்வுகள் முழங்கால்களுக்கு நடுவே இருக்க, பெல் தோளுக்கு மேலே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். டியூபாவின் ஆழம், டிரம்போனின் கூர்மை. ஓப்பெரா அரங்கைத் தவிர இதற்கு இப்போது இன்னொரு வீடு கிடைத்திருக்கிறது: ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்கள். சண்டைக் காட்சியில் அடிவயிற்றைப் பிடித்து உலுக்கும் அந்த உறுமலில் பல நேரம் சிம்பாஸ்ஸோ இருக்கிறது.

செர்பன்ட்டுக்கும் சினிமாதான் கைகொடுத்தது. பெர்னார்ட் ஹெர்மன் 1959இல் 'பூமியின் மையத்துக்குப் பயணம்' படத்துக்கும், ஜெரி கோல்ட்ஸ்மித் 1979இல் 'ஏலியன்' படத்துக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். 'ஏலியன்' வருவதற்கு முன்பே இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மங்க் பழைய கருவிகளைப் பார்த்துப் புதிதாகச் செய்யவும் வாசிக்கவும் தொடங்கியிருந்தார். இன்று ஐரோப்பாவில் செர்பன்ட் கற்றுத்தரும் இசைப்பள்ளிகளும் உண்டு.

சூசபோனை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நடந்துகொண்டே ஊத வசதியாக உடம்பைச் சுற்றி வளைத்த டியூபா. 1890களில் அமெரிக்க பேண்டுத் தலைவர் சூசாவுக்காகச் செய்யப்பட்ட முதல் கருவிகளில் பெல் வானத்தைப் பார்த்திருந்தது, ஒலி எல்லோர் தலைக்கும் மேலே பரவட்டும் என்று. பிறகே முன்பக்கம் திரும்பியது. தோற்றம் பெரிது, ஒலியியல் புதுமை ஒன்றும் கிடையாது.

கடைசியாக ஒரு செய்தி. டியூபாவின் மிகத் தாழ்ந்த சுரங்களில் அடிப்படை அதிர்வு உண்மையில் மிகவும் மெலிந்தே வெளியே வருகிறது. 29 அதிர்வின் அலைநீளம் கிட்டத்தட்ட 12 மீட்டர்; அதை வெளியே தள்ள அரை மீட்டர் அகல பெல் போதாது. மேலே உள்ள 58, 87, 116 ஆகியவை வந்து சேர்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள சம இடைவெளியைக் கொண்டு நம் காதும் மூளையும் சேர்ந்து இல்லாத அடிச்சுரத்தைத் தாங்களே கேட்டுக்கொள்கின்றன.

இவற்றைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பெர்லியோஸின் 'ஃபான்டாஸ்டிக் சிம்பொனி'யின் ஐந்தாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். முதலில் ஏதாவது நவீன ஆர்க்கெஸ்ட்ராவின் பதிவு. அதில் தீஸ் ஈரேயை ஊதுவது டியூபாக்கள். பிறகு ஜான் எலியட் கார்டினர் பழைய கருவிகளோடு 1991இல் செய்த பதிவு. அதில் செர்பன்ட்டும் ஓஃபிக்ளைடும் இருக்கின்றன. முதலாவதில் பாட்டு அகலமாக, சீராக, கொஞ்சம் கண்ணியமாகவே நகரும். இரண்டாவதில் கரகரப்பும் ஏளனமும் இருக்கும். பெர்லியோஸ் கேட்டது இரண்டாவதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் இந்தச் சுரங்களின் அடிப்பகுதி வரவே வராது.